கைக்கெட்டும் பாதுகாப்பு

மலாக்காவின் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற மாணவர்கள், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் எரிவாயுக் குழாய்கள் பொருத்திய அறிவியல்கூடத்தில் நுழைகின்றனர். புன்சன் அடுப்பைப் பற்றவைக்கும் முறை அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆபத்து வேளையில் எரிவாயுவையும் மின்சாரத்தையும் எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் நாளே காட்டுவது அவசியம்.

வீட்டில் சமையல் முடிந்ததும் எரிவாயுத் தோம்பை மூடுவது பலருக்கும் பழக்கம். அறிவியல்கூடத்திலோ மேசைகள் பல. விபத்தின்போது ஒவ்வொரு குழாயாக மூட நேரமிராது. ஆகவே, எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தும் முதன்மை வால்வும் மின்விசையும் வெளியேறும் கதவருகே, தெளிவான பெயர்ப்பலகையுடன் இருக்க வேண்டும். அவற்றை அலமாரிகள் மறைக்கக்கூடாது.

எதை முதலில் நிறுத்துவது என்பதும் முக்கியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். அப்போது மின்விசையைத் தட்டினால் எழும் சிறு பொறியும் தீயை மூட்டும். எனவே, வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, உடனே வெளியேற வேண்டும். ஒருவரை மின்சாரம் தாக்கினால், அவரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

மாணவர்கள் விளையாட்டாக வால்வைத் திருகிவிடுவார்கள். ஆசிரியர் மட்டும் அறிந்தால் போதும் எனச் சிலர் கருதுகின்றனர். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், ஆசிரியரே விபத்துக்குள்ளானால் யார் நிறுத்துவது? ஆபத்தில் மூடும் முறையை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மீண்டும் திறக்கும் பொறுப்பு ஆசிரியருக்கே உரியது. ஏனெனில், மேசைக் குழாய் ஒன்று திறந்திருந்தாலும், வால்வைத் திறந்ததும் எரிவாயு அறைக்குள் கசியும்.

நிறுத்துவதோடு கடமை முடிவதில்லை. 2025 ஏப்ரல் 1ஆம் நாள் காலையில் சிலாங்கூர், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியது. வால்வுகள் மூடப்பட்ட பின்னரும் குழாயில் எஞ்சிய எரிவாயு எரிந்ததால், பிற்பகலில்தான் தீ அணைந்தது. ஆகவே, வால்வை மூடியதும் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது.

பயன்படுத்தாத வால்வு இறுகிப்போகும். பழகாத கை பதற்றத்தில் தடுமாறும். எனவே, தவணைதோறும் வால்வைச் சோதித்து, தீயணைப்புப் பயிற்சியுடன் இப்பயிற்சியையும் நடத்துவதே பள்ளிகளுக்கு அழகு.