கெண்டி யாருடைய சிருஷ்டி?

தென்கிழக்காசியாவின் பழைய கிண்ணங்களையும் கெண்டிகளையும் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், சுகோதை மன்னர் ராம்கம்ஹேங் சீனத்திலிருந்து குயவர்களை அழைத்து வந்த பிறகே சயாமில் அக்கலை பிறந்தது என்றும், தென்கிழக்காசியாவில் வனைந்தவை யாவும் சீனப் பாண்டங்களின் மங்கிய பிரதிகளே என்றும் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப எழுதப்பட்டதனால் நிலைபெற்ற கூற்றேயன்றி, இது சான்றினால் நிலைபெற்றதன்று.

மன்னர் கதையை முதலில் நோக்குவோம். யோம் நதிக்கரையில், சீ சச்சனாலைக்கு அருகிலுள்ள பான் கோ நோய் என்னும் சிற்றூரில் 1980களில் நிகழ்ந்த அகழாய்வு, பச்சை மெருகுப் பாண்டங்கள் வெந்த செங்கற்சூளைகளுக்கு முன்னரே, ஆற்றங்கரை மண்ணைக் குடைந்தமைத்த பழஞ்சூளைகள் அங்கே எரிந்ததையும், அவற்றில் முரட்டுக் கரும்பாண்டங்கள் வெந்ததையும் வெளிப்படுத்தியது. அந்நிய தேசத்திலிருந்து முதிர்ந்த நிலையில் வந்திறங்கிய வித்தைக்கு இப்படியொரு பால்யப் பருவம் ஏது? பிற்காலத்தில் மெருகிலும் வடிவிலும் சீனச் செல்வாக்குப் படிந்ததை நான் மறுக்கவில்லை.

பிரதி என்போர், பாண்டத்தைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். சீ சச்சனாலைக் கிண்ணத்தின் அடியில், சூளைக்குள் அதைத் தாங்கிய மண்குழாயின் கருவளையம் படிந்திருக்கும். சுகோதைக் கிண்ணமோ, கரட்டு மண்ணின்மேல் வெண்குழம்பு பூசி, கருமையில் மீன் தீட்டி, தாங்கியின் முட்கள் பதிந்த சிறு வடுக்களை உள்ளே சுமந்து நிற்கும். வியட்நாமியக் கிண்ணங்கள் பலவற்றின் அடியில் செம்பழுப்புப் பூச்சு இருக்கும். சீனச் சரக்கென்று காட்ட விரும்பியவன் இத்தனை அடையாளங்களை விட்டுவைப்பானா?

தரக்குறைவு என்ற வாதம் அதிக நேரத்துக்குரியதன்று. ஹோய் ஆன் கடலில் மூழ்கிக் கிடந்த பதினைந்தாம் நூற்றாண்டுக் கப்பலிலிருந்து 1990களின் இறுதியில் எடுத்த பாண்டங்கள் 2,00,000க்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வியட்நாமில் வனைந்தவை. ஜப்பானியத் தேநீர் ஆசான்களும் வியட்நாமியக் கிண்ணங்களைப் போற்றி வைத்திருந்தனர்.

இனி, கெண்டி. சம்ஸ்கிருதக் குண்டிகாவின் வழிவந்த இப்பெயர் மலாய் மொழியிலும் நம் தமிழிலும் ஒன்றுபோல் வழங்குகிறது. பிடியின்றி, கழுத்தைப் பற்றித் தூக்கி, பக்கவாட்டு மூக்கினின்று உதடு படாமல் நீரை வாயில் ஊற்றிப் பருகும் பழக்கம் சீனர்களுடையதன்று. மிங் காலத்துச் சீனத்தின் ஜிங்தேசென் சூளைகள் நீலச் சித்திரக் கெண்டிகளைச் செய்தது, தென்கடல் நாட்டார் விரும்பிய வடிவில், அவர்களுக்கு விற்பதற்காகவே.