நோயாளி கையில் நோயின் கணக்கு

சுனாபட்டி:

காசநோய்க்கு மருந்தில்லாத காலம் மலையேறிவிட்டது. அந்த மருந்தை ஆறு மாதமும் தவறாமல் சாப்பிட வைப்பதுதான் இன்றும் பெரும்பாடாக இருக்கிறது. ஒற்றை அறையில் ஆறேழு பேர் வாழும் சுனாபட்டி, தாராவித் தமிழர்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல.

இரண்டு மாதத்தில் இருமல் அடங்குகிறது, உடம்பு தேறுகிறது. வேலைக்குப் போகத் தொடங்கியதும் மாத்திரை மறந்துவிடுகிறது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பணிய மறுக்கும். எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயைக் கண்டதாக மும்பை டாக்டர்கள் தெரிவித்த செய்தி, 2012 ஜனவரியில் உலகையே உலுக்கியது.

நோயாளியை நம்பலாமா?

1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராகக் குணமடைவதை நிரூபித்தது. ஆயினும் 1997-ல் வந்த 'டாட்ஸ்' திட்டம், ஊழியர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும் என்றது. தினக்கூலிக்காரருக்கு மருந்தா, கூலியா என்ற இக்கட்டு ஏற்பட்டது.

இதற்கு மாற்றாக வந்ததே '99 டாட்ஸ்'. மாத்திரையைப் பிதுக்கினால் உறையில் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு 'மிஸ்டு கால்' கொடுத்தால் அன்றைய கணக்கு பதிவாகிவிடும். காசு செலவில்லை. ஆனால் சென்னை, வேலூர், மும்பை மையங்களில் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வு, இந்தக் கணக்கில் போதிய துல்லியம் இல்லை என்றது. மாத்திரையை விழுங்கியவர் அழைக்காமல் இருக்கலாம். அழைத்தவர் விழுங்காமலும் இருக்கலாம். கருவி காவல்காரனாக மட்டும் நின்றால் பயன் குறைவு என்பதே இதன் பாடம்.

தகவல் தந்த பலம்

விவரம் தெரிந்த நோயாளி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மும்பையே சாட்சி. காசநோய் மருந்தால் செவித்திறனை இழந்த நந்திதா வெங்கடேசன், அதே கதிக்கு ஆளான தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயுடன் கைகோத்தார். பெடாகுலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று இருவரும் 2019-ல் ஆட்சேபம் தெரிவித்தனர். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மற்றக் கம்பெனிகளும் அம்மருந்தைத் தயாரிக்க வழி பிறந்தது. பெடாகுலின் அடங்கிய ஆறு மாதச் சிகிச்சைக்கு மத்திய அரசு 2024 செப்டம்பரில் அனுமதி அளித்தது.

ஊருக்குப் போகும்போது...

எல்லோரும் காப்புரிமை வழக்காட வேண்டியதில்லை. தன் எண்ணைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதிக் கிணறு தாண்டியதுபோல. அரசின் 'நிக்ஷய்' பதிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு. கோடை விடுமுறைக்கோ கோயில் கொடைக்கோ திருநெல்வேலிக்கு வண்டி ஏறுபவர், முன்கூட்டியே சொன்னால் சிகிச்சையை அந்த ஊருக்கே மாற்றலாம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அது வங்கிக் கணக்குக்கே வரும்.

சொல்லாமல் வண்டி ஏறுவதற்கு மறதி மட்டும் காரணமல்ல. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்ற அச்சமும் இருக்கிறது. ஆகவே கணக்கும் வேண்டும். அதன் ரகசியமும் காக்கப்பட வேண்டும். நோயாளிக்குப் புரியும் தமிழில் விளக்கமும் வேண்டும். பெட்டியில் துணிமணியோடு மாத்திரை அட்டையும் நிக்ஷய் எண்ணும் ஊருக்குப் போகுமானால், நோய் பாதி வழியில் திரும்பி வராது.