வான்வழித் தூரமும் வாசற்படித் தூரமும்

பலாலியிலிருந்து இரத்மலானைக்கு ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 330 கிலோமீற்றர், சென்னைக்கு 355. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையினின்று புறப்பட்டு, இங்கு தரித்தே சென்னை சேர்ந்தது. இன்றைய ஏ.டி.ஆர். விமானம் அதனினும் விரைவுடையது. ஆயினும் பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு மகிழ்தல் பேதைமை என்போம். கட்டுநாயக்காவில் இறங்கி, இரவெல்லாம் வீதியில் அலைப்புண்டு ஊர் சேரும் முதிய பழைய மாணவரைக் கேட்டால் பிரயாணத்தின் மெய்யான நீளம் புலப்படும். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாயிற்று. 2020இல் சேவை நின்றது. 2022 டிசம்பரிலேயே மீண்டது. அவ்விடைக்காலத்தில் ஒரு மணி நேரத் தூரம் ஒரு நாட் தூரமாயிற்று. பெற்றோரின் ஈமக்கடனுக்கு விரைபவர் நாள் தவறாத விமானத்தையே வேண்டி நிற்பர். நீண்ட ஓடுபாதையைக் கேட்குமுன் ஒழுங்கான நேரசூசியை நாம் கேட்டல் வேண்டும்.