பள்ளிக்கூடக் கணக்கின் யோக்கியதை

சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று புரோகிதன் சொன்னால், எழுதினவன் யார், எதற்காக எழுதினான் என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். ஆனால், சர்க்கார் புள்ளி விபரம் என்று ஒரு அதிகாரி சொன்னால் மாத்திரம் வாயை மூடிக்கொள்ளுகிறோம். இதுவும் குருட்டு நம்பிக்கையே அல்லாமல் வேறென்ன?

படிப்பை விட்டு நின்ற பிள்ளைகள் நூற்றுக்கு இத்தனை பேர் என்று யூடைஸ் என்னும் கணக்கு வருஷந்தோறும் வெளியாகிறது. அதைப் போடும் விதம் என்ன? மேல் வகுப்புக்கு மாற்றப்பட்ட பேர்களும், அதே வகுப்பில் மறுபடியும் எழுதப்பட்ட பேர்களும் போக மிச்சமே இடைநின்றவர்கள். ஆகவே, பேர் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால் பிள்ளை படிப்பதாக அர்த்தம். அந்தப் பிள்ளை பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினாலும் சரி, நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினாலும் சரி, கழுத்தில் தாலி ஏறி வேற்றூர் போய்விட்டாலும் சரி!

இது வெறும் யூகமல்ல. 2023 மார்ச் 13-ந் தேதி பிளஸ் டூ தமிழ்ப் பரீக்ஷைக்குப் பேர் பதிந்தவர்களில் 50,000-க்கு மேற்பட்டவர்கள் வரவேயில்லை. சிலர் ஐ.டி.ஐ.க்கோ வேறு படிப்புக்கோ போயிருக்கக்கூடும் என்பார்கள். போகட்டும்! போன பிள்ளையின் பேர் இங்கே ஏன் இருந்தது? எப்படிப் பார்த்தாலும் கணக்குப் பொய்தானே? 2022-23-ல் பிள்ளை பிள்ளையாகப் பதிய ஆரம்பித்தவுடன் இந்தியா முழுவதற்குமான தொகை 26½ கோடியிலிருந்து 25 கோடிச் சொச்சமாக இறங்கிற்று. முறை மாறியதால் ஒப்பிடக்கூடாதென்கிறார்கள். அப்படியானால், பழைய முறையில் அடித்த தம்பட்டத்திற்கு என்ன மதிப்பு?

வாத்தியார்மேல் மட்டும் பழி போடுவதில் பிரயோஜனமில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டே வாத்தியார் ஸ்தானங்கள் நிர்ணயமாகின்றன. பேரை அடித்தால் ஸ்தானம் போகும். உண்மை எழுதினவனுக்கே நஷ்டம் என்றால் எவன் எழுதுவான்?

நிற்க, 1953-ல் ராஜாஜி அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றபோது நாடே எதிர்த்தது. 1954-ல் அத்திட்டம் ஒழிந்தது. இன்றோ எந்தத் திட்டமுமில்லாமல் தறிக்காரன் மகன் முழுநாளும் தறியில் நிற்கிறான். எதிர்க்க ஆளில்லை. ஏனெனில், கணக்கில் அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்!

ஆகவே தோழர்களே, நூற்றுக்கு எத்தனை என்று கேட்டு ஏமாறாதீர்கள். சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோரே. அங்கே போய், போன வருஷம் 9-ஆம் வகுப்பிலிருந்தவர்கள் இன்று எங்கே என்று பேர் பேராகக் கேளுங்கள். பேர் இருக்கிறது என்று பதில் வந்தால், பிள்ளையைக் காட்டு என்று சொல்லுங்கள்!