ஐவிஎஃப்-க்கு கத்தோலிக்கத் திருச்சபை ஏன் 'நோ' சொல்கிறது? சொல்லாமல் விடும் பாதி என்ன?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் பரங்கிமலை. அந்த மலை மேல் 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய ஆலயத்துக்கு எதிர்பார்ப்பின் அன்னை என்று பெயர். இயேசுவை வயிற்றில் சுமந்து மரியாள் காத்திருந்த நாட்களைக் குறிக்கும் பெயர் அது. குழந்தை வரம் கேட்டுப் படியேறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதே மலைக்கு ஜிஎஸ்டி ரோடு வழியாகப் போனால் கருத்தரிப்பு மையங்களின் போர்டுகள் கண்ணில் படும். சிரிக்கும் குழந்தை, கீழே ஒரு போன் நம்பர். ஒரே வாரத்தில் இரண்டு இடத்துக்கும் போகிற தம்பதிகள் இந்தப் பக்கம் நிறைய.

என் தோழி ஒருத்தி அப்படித்தான். கல்யாணமாகி ஐந்து வருஷம். போன மாசம் போன் பண்ணி, "ஐவிஎஃப் பண்ணா நற்கருணை வாங்கலாமாடி?"ன்னு கேட்டா. கல்யாணத்துக்கு முன்னாடி திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போனவள் அவள். இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி அங்கே சொன்னாங்களாம். குழந்தை வரலைன்னா என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலைப்பாடு என்ன?

1987-ல் வத்திக்கான் 'டோனும் வித்தே' என்ற ஆவணத்தை வெளியிட்டது. 'உயிர் எனும் கொடை' என்று பொருள். தயாரித்த துறைக்குத் தலைவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை 16-ம் பெனடிக்ட். கணவன், மனைவியின் சொந்த அணுக்களாகவே இருந்தாலும் ஐவிஎஃப் ஏற்புடையது இல்லை என்கிறது அது. வேறொருவரின் கருமுட்டை, விந்தணு, வாடகைத்தாய் எல்லாவற்றுக்கும் 'நோ' இன்னும் அழுத்தமாக இருக்கு. 2024 ஏப்ரலில் வந்த 'டிக்னித்தாஸ் இன்ஃபினித்தா' ஆவணமும் வாடகைத்தாய் முறையைக் கண்டித்தது.

ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று, குழந்தை என்பது தம்பதியின் உடல் உறவிலிருந்தே பிறக்க வேண்டும், அந்த இடத்தை லேப் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. கருத்தடைக்குத் தடை சொன்ன 1968-ம் வருட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலின் அதே லாஜிக்தான். உறவையும் கருவுறுதலையும் பிரிக்கக் கூடாது என்றது அது. அங்கே குழந்தை இல்லாத உறவு கூடாது, இங்கே உறவு இல்லாத குழந்தை கூடாது.

இரண்டாவது காரணம், கரு. ஐவிஎஃப்-ல் பல கருக்கள் உருவாகலாம். மிஞ்சுவதை உறைய வைப்பார்கள். இந்தியாவின் 2021-ம் வருட இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி அதிகபட்சம் பத்து வருஷம் சேமிக்கலாம். அதற்குப் பிறகு அழியவிடுவார்கள், அல்லது தம்பதி சம்மதித்தால் ஆராய்ச்சிக்குப் போகும். கருவுற்ற நொடியிலிருந்தே அது ஒரு மனித உயிர் என்று நம்பும் திருச்சபைக்கு இது ஏற்க முடியாத விஷயம். நம்பிக்கை எதுவாக இருந்தாலும், ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் இந்தப் பத்து வருஷக் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

அப்போ எதுக்கு அனுமதி?

இதைத்தான் பலரும் சொல்வதில்லை. கருக்குழாய் அடைப்புக்கு ஆபரேஷன், ஹார்மோன் சிகிச்சை, கருமுட்டை வளர மருந்து, ஆண்களுக்கான சிகிச்சை எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. உறவுக்குத் துணை நிற்கும் சிகிச்சை ஓகே, உறவுக்குப் பதிலாக வரும் சிகிச்சை கூடாது. கோடு அங்கேதான். தத்தெடுப்பையும் திருச்சபை ஊக்குவிக்கிறது.

தோழியின் கேள்விக்கும் பதில் இருக்கு. ஐவிஎஃப் செய்தவரைத் தானாகவே சபையிலிருந்து விலக்கும் விதி திருச்சபைச் சட்டத்தில் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் பேச வேண்டிய விஷயம் அது. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. எந்த வழியில் வந்தாலும் குழந்தையைக் கடவுளின் கொடையாக ஏற்க வேண்டும் என்று அதே 1987 ஆவணம் சொல்கிறது.

1978-ல் ஒரு கர்தினால்

உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. 'ஹுமானே வீத்தே' கையெழுத்தாகி சரியாகப் பத்து வருஷம் ஆன நாள். அப்போது வெனிஸின் கர்தினால் அல்பினோ லூச்சியானியிடம் இது பற்றிக் கேட்டார்கள். திருச்சபையின் போதனையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார், பெற்றோரைக் கண்டிக்கத் தனக்கு உரிமை இல்லை என்றார். ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 26 அன்று, அவர் திருத்தந்தை முதலாம் ஜான் பால் ஆனார்.

என் கருத்து

கருக்களைப் பற்றிய திருச்சபையின் கவலை எனக்குப் புரிகிறது. உயிரை ஃபிரீசரில் வைத்துத் தேதி போடுவது யாரையும் யோசிக்க வைக்கும். ஆனால் சொந்த அணுக்கள், ஒரே கரு, உறைய வைப்பது எதுவும் இல்லை என்றாலும் அதே 'நோ' என்பதை என்னால் முழுசாக ஏற்க முடியலை. இதில் நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன். தடை காதுக்கு எட்டுகிறது, ஆறுதல் எட்டுவதில்லை. 'கூடாது' என்பதை உறவுக்காரர்கள் மூலமாவது கேட்டுவிடுகிறோம். எது கூடும், குழந்தைக்குக் குறை இல்லை, யாரிடம் போய்ப் பேசலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில் மாட்டுவது பெரும்பாலும் பெண்தான். குறை ஆணிடமும் இருக்கலாம் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால் விந்தணு சேகரிக்கும் முறைக்கே திருச்சபையில் ஆட்சேபணை இருப்பதால், டெஸ்ட்டைத் தள்ளிப்போட அதுவும் ஒரு சாக்காகிவிடுகிறது. உறவை வைத்தே மாதிரி எடுக்கும் வழி உண்டு என்பதை யார் எடுத்துச் சொல்வது? பூசை முடிந்ததும் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி அவளிடம்தான் வரும்.

தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பங்குகளில் ஐடி கம்பெனி தம்பதிகள் நிறைய. கல்யாணமே முப்பது வயதை ஒட்டித்தான் நடக்குது. திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு டாக்டரையும் ஒரு குருவையும் உட்கார வைத்து இதைப் பேசலாம். போதனையை மாற்றச் சொல்லவில்லை, முழுசாகச் சொல்லச் சொல்கிறேன்.

முடிவை அதன் பிறகு தம்பதி எடுக்கட்டும். எதிர்பார்ப்பின் அன்னையின் மலைக்கு ஏறி வருகிறவர்கள் பயத்தோடு ஏற வேண்டாம்.