கேட்கக் கொடுக்காமல் விற்காதீர்கள்: உயர்தர ஒலிபெருக்கிகளைப் பெரிய காட்சியறைகளில் விற்பது குறித்த எங்கள் நிலைப்பாடு

லிங்கநகரிலும் திருகோணமலை நகரின் மற்றப் பகுதிகளிலும் ஒலிபெருக்கி விற்பவர்கள், கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் சவுண்ட் கட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். நாடு முழுவதும் கிளை வைத்திருக்கும் பெரிய காட்சியறைகள் விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை விற்கலாமா என்பது கேள்வி. விற்கட்டும். ஆனால் வாங்குபவருக்குச் சரியாகக் கேட்கக் கொடுத்த பிறகு விற்கட்டும். பழுதானால் இந்த ஊரிலேயே திருத்த வழி செய்துவிட்டு விற்கட்டும்.

எங்கள் வியாபாரம் குறையும் என்ற பயத்தில் இதை எழுதவில்லை. நல்ல ஒலிபெருக்கி வேண்டுமென்றால் சுமார் 260 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போக வேண்டும் என்ற நிலை மாறுவது எங்களுக்கும் மகிழ்ச்சிதான். பெரிய நிறுவனங்களால் வந்த நன்மையையும் மறுக்கவில்லை. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. தையல் இயந்திரமும் பின்னர் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைத்ததில் இத்தகைய நிறுவனங்களின் தவணை முறைக்குப் பெரிய பங்கு உண்டு. சின்னக் கடைக்காரரால் அப்படித் தவணை கொடுக்க முடியாது. 2022 நெருக்கடியில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. 2024 தொடக்கத்திலிருந்து வற் வரி 18 சதவீதம். இந்தச் சூழலில் விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை வாங்கி அடுக்கி வைப்பதற்கான மூலதனம் பெரிய நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. நல்ல ஒலி கொழும்பில் வசதியாக இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றே நாங்களும் நினைக்கிறோம்.

விற்கிற முறையில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. வாயிற்கதவு திறந்திருக்கும் மண்டபம்; பத்துத் தொலைக்காட்சிகள் ஓடுகின்றன; மின்விசிறிகள் சுற்றுகின்றன. சுவரோரம் வரிசையாக நிற்கும் ஒலிபெருக்கிகளில் ஒன்றுக்கு புளூடூத்தில் ஒரு பாட்டுப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள். இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அதுதான் சிறந்தது என்று மனிதக் காது நம்பிவிடும். சத்தத்தைச் சமப்படுத்தாத எந்த ஒப்பீடும் ஒப்பீடே அல்ல. வீட்டுக்குக் கொண்டுபோனால் நிலைமை இன்னும் மாறும். எங்கள் வீடுகளில் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, கனமில்லாத திரைச்சீலை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப் பெருகும். இதைச் சொல்லிக் கொடுக்க விற்பனையாளருக்குப் பயிற்சி வேண்டும்.

பெரிய கடைக்குள்ளேயே இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் பெஸ்ட் பை நிறுவனம் மக்னோலியா என்ற ஒலிக்கருவிக் கடைகளை 2000ஆம் ஆண்டில் வாங்கியது. பிறகு தன் கடைகள் பலவற்றுக்குள் அதே பெயரில் தனி அறைகளை அமைத்து, உயர்தர ஒலிபெருக்கிகளை அங்கே கேட்டு வாங்கச் செய்தது. திருகோணமலையில் அவ்வளவு செலவு தேவையில்லை. கதவை மூடக்கூடிய ஓர் அறை, தரையில் ஒரு கம்பளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, உட்கார ஒரு நாற்காலி போதும். வாங்க வருபவர் தனக்குப் பழக்கமான பாட்டைக் கொண்டுவரட்டும். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுப் பார்க்கும்படி நாங்கள் எப்போதும் சொல்வோம். தவிலில் விழும் அடி துல்லியமாகத் தெறிக்கிறதா, குழறுகிறதா என்பதில் வூபரின் தரம் தெரிந்துவிடும். நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி காதைக் கிழித்தால் டுவீட்டரில் குறை இருக்கிறது.

அட்டைப்பெட்டியில் அச்சிடும் வாட் கணக்கைப் பற்றி எங்களுக்குக் கோபமே உண்டு. பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கான வாட் காட்டுகிறார்கள். அது ஒரு கணப்பொழுது உச்சத்தை வைத்து ஊதிய எண். அதற்குப் பொது அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட்தான் பயனுள்ள கணக்கு. அதுவும் தனியாக நின்றால் போதாது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல், எத்தனை ஓம் என்பதையும் எழுத வேண்டும். வீட்டு அம்பிளிபயர்களின் வாட் கணக்குக்கு அமெரிக்கா 1974இலேயே விதி கொண்டுவந்தது. 2024இல் அதை இறுக்கி, 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, ஒரு சதவீதத்துக்கும் குறைந்த திரிபில் அளக்கச் சொன்னது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, இங்கேயும் பி.எம்.பி.ஓ. எண்ணைத் தடைசெய்து, ஆர்.எம்.எஸ். அளவைக் கட்டாயமாக்க வேண்டும்.

திருத்த வேலைதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியம். இது துறைமுகப் பட்டினம். உப்புக் காற்று முனையங்களில் பச்சை பிடிக்க வைக்கும், இணைப்புகளை அரிக்கும். கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பு இந்த ஈரப்பதத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும். கடலோர ஊரில் விற்பவர் இதைச் சொல்லியே விற்க வேண்டும். ஒழுங்காகச் செய்த ஒலிபெருக்கி ஒரு தலைமுறைக்கு உழைக்கும். பி.பி.சி. 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ பெட்டிகளை இன்னமும் வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நெடுநாள் உழைக்க உதிரிப்பாகம் வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த மறுமாதமே “பார்ட்ஸ் வராது” என்று கையை விரிப்பதை ஏற்க முடியாது. வூபர், டுவீட்டர், குறொஸ்ஓவர் பாகங்களைப் பத்து ஆண்டுகளுக்காவது கிடைக்கச் செய்ய வேண்டும். சுற்று வரைபடங்களை உள்ளூர்த் திருத்துநர்களுக்கும் தர வேண்டும். வொயிஸ் கொயில் எரிந்ததற்காக ஒரு பெட்டியை லொறியில் கொழும்புக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கச் செய்வது தேவையில்லாத அலைச்சல். அந்த வேலை எங்கள் மேசையில் முடியும்.

தவணையில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையை, ரொக்க விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

இதே ஒழுங்கை எங்களுக்கும் வைத்துக்கொள்கிறோம். போலிப் பெயர் ஒட்டிய பெட்டியை அசல் என்று விற்பவர் எங்களில் ஒருவராக இருந்தாலும் அவருக்காக நாங்கள் பேசமாட்டோம். வாங்கி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகாரசபையிடம் முறையிடலாம். பெட்டியின் உண்மை நிலையைச் சோதித்து எழுத்தில் தருவது எங்கள் பொறுப்பு. கேட்கும் அறை அமைக்க முன்வரும் காட்சியறைக்கு ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பது, சத்தத்தை எப்படிச் சமப்படுத்துவது என்பதை அங்குள்ள ஊழியர்களுக்குக் கட்டணமில்லாமல் சொல்லிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறோம்.