பயிர்க் காப்பீடு: ஏழு ஆண்டுக் கணக்கு போதுமா?

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. 2017-ல் அக்டோபர் 2-ம் தேதிதான் திறந்தார்கள். டெல்டா விவசாயிகள் அந்த ஆண்டுகளை மறந்திருக்க மாட்டார்கள். காவிரிப் பிரச்சினைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மழையும் கைவிட்டது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. இடையில் 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு, முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தன.

வறட்சி இப்படிக் கூட்டமாக வருவது புதிதல்ல. மழைமானி வருவதற்கு முந்தைய காலத்தை மரங்கள் காட்டுகின்றன. மழை குறைந்த ஆண்டில் மரத்தின் வளையம் மெலிந்துபோகும். கேரளத் தேக்கு மரங்களின் வளையங்களை வைத்து ஆய்வாளர்கள் 500 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போயிருக்கிறார்கள். ஆசியா முழுவதும் உள்ள மரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது 1756 முதல் 1768 வரையும், 1790 முதல் 1796 வரையும் நீண்ட வறட்சிகள் தெரிந்தன. 1876-78 தாதுவருஷப் பஞ்சமும் அதில் பதிந்திருக்கிறது.

கல்வெட்டும் பேசும். திருப்பாம்புரம் கோயிலில் 1201-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, காசுக்கு மூன்று நாழி என விலை ஏறிய பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் இரு மகள்களையும் கோயிலுக்கு விற்றதைச் சொல்கிறது. விலை ஏறப் போரும் காரணமாகலாம். அதனால் ஒரே ஒரு கல்வெட்டை வைத்து 'மழை பொய்த்தது' என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டு மூன்று சான்றுகள் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

இதனால் உங்களுக்கு என்ன? பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவாத மகசூல், கடந்த ஏழு ஆண்டுச் சராசரியிலிருந்து வருகிறது. அந்த ஏழில் விளைச்சல் அதிகமான ஐந்து ஆண்டுகள் மட்டுமே சராசரியில் சேரும். ஏழில் நான்கு ஆண்டு காய்ந்திருந்தால்? மீதி இரண்டு சராசரியைக் கீழே இழுக்கும். அடுத்த ஆண்டும் காய்ந்தால், 'உங்கள் ஊர் விளைச்சலே இவ்வளவுதான்' என்று கணக்கு சொல்லும். ஒற்றை ஆண்டு வறட்சிக்கு இந்த முறை சரி. வறட்சி வரிசையாக வந்தால் விவசாயிதான் நஷ்டப்படுகிறார். பழைய பதிவுகள் காட்டுவது வரிசையாக வரும் வறட்சிகளைத்தான். ஏழு ஆண்டு என்ற வரம்பை நீட்டச் சொல்லிக் கேட்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

கேட்பதற்கு ஆதாரம் ஊரிலேயே கிடக்கிறது. பசலி வாரியாக எழுதப்பட்ட அடங்கலில் எந்தப் புலத்தில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்பது இருக்கும். பயிர் சாவியானதற்கு நிலவரி தள்ளுபடி கொடுத்த ஆண்டுகள் பழைய ஜமாபந்திக் கணக்குகளில் இருக்கும். தள்ளுபடி கொடுத்த பசலிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏரி கலங்கல் வழிந்த ஆண்டுகளைப் பெரியவர்களிடம் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நினைவு ஓரிரண்டு ஆண்டு முன்பின் ஆகும் என்பதால், அதை எழுத்தோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும்.